கருவேலங்காட்டு ஏலம்

திருச்சிராப்பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களை நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனால், ஒரு பழைய காட்டுக்குள் நடப்பது போலத்தான் இருக்கும். திருவானைக்கா என்பதில் உள்ள 'கா', சோலை. அந்தச் சோலையில் இருந்தது நாவல் மரம். ஜம்புகேசுவரம் என்ற வடமொழிப் பெயருக்கும் அந்த நாவல்தான் காரணம். காவேரிக் கரையோடு மேற்கே போனால் திருப்பராய்த்துறை. அது பராய் மரத்தின் பெயர். இன்னும் மேற்கே குளித்தலையில் கடம்பந்துறை. கொள்ளிடத்தைக் கடந்து வடக்கே திரும்பினால் திருப்பைஞ்ஞீலி. ஞீலி என்பது ஒரு ஜாதி வாழை. ஸ்ரீரங்கத்தின் பெயரில் மரம் கிடையாது என்றாலும், கோயிலுக்குள்ளே சந்திர புஷ்கரிணிக் கரையில் புன்னை உண்டு.

இதை வைத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் மரத்தையே தெய்வமாகப் போற்றினார்கள்!" என்று மேடையில் பேசினால் கைதட்டல் நிச்சயம். எனக்கு அந்தக் கைதட்டலில் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. கோயிலுக்குள் ஒரு நாவல் மரத்துக்கு மஞ்சள் குங்குமம் இட்டுவிட்டு, வெளியே நின்ற நாவற்காட்டை வெட்டிக் கழனியாக்கியவர்களும் அதே முன்னோர்கள்தான். அப்படி அவர்கள் வெட்டாமல் இருந்தால் காவேரிக் கரையில் நெல் ஏது, கோபுரம் ஏது? ஆகையால் மரத்தை யார் கும்பிட்டார்கள் என்ற விசாரணை எனக்கு முக்கியமில்லை. கழனிக்குப் போக மிஞ்சிய காடு யாருடையதாக இருந்தது? அதில் ஒரு மரத்தை வெட்டலாம், ஒன்றை வெட்டக்கூடாது என்று சொல்கிற அதிகாரம் யார் கையில் இருந்தது? வெட்டிய மரத்தின் பணம் யார் மடியில் போய் விழுந்தது? இந்த மூன்று கேள்விகளையும் கையில் பிடித்துக்கொண்டு திருச்சி ஜில்லாவின் சரித்திரத்துக்குள் நுழைந்தால், பள்ளிக்கூடப் புத்தகத்தில் இல்லாத பல சங்கதிகள் தென்படுகின்றன.

பழைய காலத்துக்கு ஒரு சாட்சி மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உள்ள உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆகிய வருஷங்களைச் சேர்ந்தவை. குடவோலை முறை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அங்கே பொறித்திருப்பதைத்தான். ஊரார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அப்படித் தேர்ந்தவர்கள் அமர்ந்த வாரியங்களில் ஏரி வாரியமும் இருந்தது, தோட்ட வாரியமும் இருந்தது. பதவி ஒரு வருஷம். கணக்குக் காட்டாமல் போனவனுடைய பெயர் மறுபடி குடத்துக்குள் போகாது. அவனுடைய உறவினர்கள் பெயரும் போகாது! இந்தக் கடைசி விதியை நம் காலத்துக்கும் வைத்தால் எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்று நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் குடத்தில் பெயர் விழுவதற்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலியாவது இருக்கவேண்டும், வேதம் படித்திருக்கவேண்டும். ஏரியில் மண் சுமந்தவனுக்கும் தோட்டத்தில் மரம் நட்டவனுக்கும் ஓலை இல்லை. இதையும் சேர்த்துத்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊர்ப் பொதுச் சொத்து என்று சொல்லும்போதெல்லாம் 'ஊர்' என்பது யார் என்று ஒரு கேள்வி பின்னாலேயே வந்து நிற்கும்.

பிரம்மதேய ஊர்களுக்கு வெளியே, மானம் பார்த்த பூமியில், காரியம் வேறு மாதிரி நடந்தது. மேய்ச்சல் வெளி, ஏரி உள்வாய், மலையடிவாரத்துப் புதர்க்காடு எல்லாம் அந்தந்த ஊர் எல்லைக்குள் அடங்கியவை. ஆடு மாடு மேயும். கலப்பைக்கும் ஏர்க்காலுக்கும் கட்டை வெட்டிக்கொள்வார்கள். வயலுக்குத் தழை அறுப்பார்கள். பஞ்சம் வந்தால் கிழங்கு தோண்டுவார்கள். ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள தோப்பில் மாத்திரம் ஒரு குச்சி ஒடிக்க மாட்டார்கள். எழுதிய சட்டம் எதுவும் இல்லை. எல்லைச் சண்டை வந்தால் நாட்டாண்மைக்காரர்கள் கூடித் தீர்த்தார்கள்; தீராவிட்டால் மண்டை உடைந்தது.

அந்த உலகத்தைக் கலைத்தவை இரண்டு. ஒன்று ரயில். மற்றொன்று சட்டம்.

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி வரைக்கும் 1862-க்குள் ரயில் பாதை வந்துவிட்டது. அந்தக் காலத்துத் தென்னாட்டு எஞ்சின்களில் பெரும்பாலானவை விறகைத்தான் தின்றன. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டையும் மரம். சென்னை ராஜதானியில் காட்டு இலாகாவை 1856-இல் தொடங்கிய டாக்டர் ஹ்யூ கிளெக்ஹார்ன் தொழிலால் வைத்தியர். தாவர சாஸ்திரத்தில் பிரியமுள்ளவர். காடுகள் அழிந்து வருவதைப் பற்றி 1861-இல் ஒரு புத்தகமே எழுதினார். ரயிலின் பசியைக் கண்டு கவலைப்பட்டவர்களில் அவரும் ஒருவர். கவலை உண்மையானதுதான். ஆனால் அந்தக் கவலைக்கு மருந்து, ரயிலைக் கொஞ்சம் பட்டினி போடுவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காட்டுக்குள் போகும் ஆட்டையும் மாட்டையும், தலைச்சுமை விறகையும் தடுப்பதுதான் என்று தோன்றியது.

இந்த இடத்தில் வெள்ளைக்கார சர்க்காருக்குள்ளேயே ஒரு விவகாரம் நடந்தது. நான் படித்த வரையில் இந்தச் சரித்திரத்தில் மிகவும் சுவாரஸ்யமான அத்தியாயம் இதுதான். 1871-இல் சென்னை ரெவினியூ போர்டார் தங்கள் மேலிடத்துக்கு ஓர் அபிப்பிராயம் எழுதி அனுப்பினார்கள். அதன் சாரம் இது: இந்த ராஜதானியில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் அடங்காத காடு அநேகமாக இல்லை, தேக்கு, சந்தனம், ஏலக்காய் முதலியவற்றுக்கு வாங்கும் பாகத்தைத் தவிர, காட்டை என் சொத்து என்று சர்க்கார் சமீப காலம் வரையில் சொன்னதே இல்லை, எல்லாக் காடுகளிலும் ஜனங்களுக்கு நினைவுக்கு எட்டாத காலம் தொட்டு உரிமை இருக்கிறது. எழுதியவர்கள் காங்கிரஸ்காரர்கள் அல்ல. காங்கிரஸ் பிறப்பதற்குப் பதினான்கு வருஷம் முந்திய சங்கதி. வரி வசூலையே தொழிலாகக் கொண்ட உத்தியோகஸ்தர்கள். அவர்களுக்கே அந்த உண்மை தெரிந்திருந்தது.

மற்ற மாகாணங்களில் 1878-ஆம் வருஷத்து இந்தியக் காட்டுச் சட்டம் அமலுக்கு வந்தபோது, சென்னை அதை ஏற்றுக்கொள்ளாமல் நின்றது. இடையில் தாது வருஷப் பஞ்சம் வந்து லட்சக்கணக்கான ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. பஞ்சத்துக்குக் காடு அழிந்ததும் ஒரு காரணம் என்ற பேச்சு பலமாகக் கிளம்பியது. இந்தியக் காட்டு இலாகாவின் தலைவர் பிராண்டிஸ் துரை சென்னைக்கு வந்து பார்த்தார். முடிவில் 1882-இல் சென்னைக்கென்று தனிச் சட்டம் பிறந்தது. செட்டில்மெண்டு அதிகாரி ஒருவர் வருவார், விளம்பரம் செய்வார், இந்தக் காட்டில் உனக்கு என்ன பாத்தியதை உண்டோ அதைக் கெடுவுக்குள் வந்து சொல் என்பார். சொன்னதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். கெடு தாண்டினால் பாத்தியதை தாண்டிற்று. பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் இருந்த மலையாளிகளுக்கு — கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள்படும் மலைக்குடிகள் — காகிதம் எது, கெடு எது? அவர்களுடைய ஆதாரமெல்லாம் காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்து மூன்று மலைகளில் குடியேறிய கதைதான். அந்தக் கதையை எந்த அதிகாரி ஏட்டில் ஏற்றிக்கொள்வார்?

'ரிசர்வு' என்ற வார்த்தை அப்படித்தான் தமிழாயிற்று. நேற்று வரை மாடு மேய்ந்த இடத்தில் இன்று கல் நட்டிருந்தது. கல்லைத் தாண்டிய மாடு பவுண்டுக்குப் போயிற்று. அதை மீட்க அபராதம். அபராதத்துக்கு மேல் கையூட்டு. கலப்பைக்கு ஒரு கட்டை வெட்ட வேண்டுமென்றாலும் கார்டுக்கு ஒரு கோழி. இது என் கற்பனையல்ல. ஜனங்களின் கூக்குரல் தாங்காமல் 1912-இல் சர்க்கார் ஒரு கமிட்டி நியமித்தார்கள். அந்தக் கமிட்டி ஊர் ஊராகப் போய்ச் சாட்சிகளை விசாரித்தது. காட்டு இலாகாவின் கீழ்ச் சிப்பந்திகளால் குடியானவர்கள் படும் தொல்லைதான் சாட்சிகள் சொன்ன குறைகளில் முக்கியமானது.

1913-இல் கமிட்டி தன் அறிக்கையைக் கொடுத்தது. விலையுயர்ந்த மரமுள்ள காடுகளை இலாகா வைத்துக்கொள்ளட்டும்; மேய்ச்சலுக்கும் விறகுக்கும் மட்டும் உதவும் காடுகளைக் கிராமத்தார் பஞ்சாயத்து வைத்து நிர்வகிக்கட்டும் என்று ஒரு யோசனை அதில் இருந்தது. அதன்படியே பரீட்சையாகச் சில ஊர்களில் ஆரம்பித்து, 1920-களில் அம்மாதிரிக் காடுகள் பலவற்றை ரெவினியூ இலாகாவின் மேற்பார்வைக்கு மாற்றி, காட்டுப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைத்தார்கள். இமயமலை அடிவாரத்துக் குமாவுன் பிரதேசத்தில் 'வன பஞ்சாயத்து' 1931-இல் சட்டமான கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதற்கும் முன்னால் சென்னை ராஜதானியில் அதே பெயரில் அதே காரியம் நடந்தது என்பது நம்மவர்களுக்கே மறந்து போயிற்று. நாம் மறந்துபோகிற வேகத்துக்கு ஒரு பரிசு இருந்தால் நமக்குத்தான் கிடைக்கும்.

அந்தப் பஞ்சாயத்துகள் எப்படி நடந்தன? வருஷத்துக்கு ஒரு தொகையைச் சர்க்காருக்குக் கட்ட வேண்டும். மேய்ச்சல் கட்டணம் வசூலிக்கலாம். காவற்காரனை வைத்துக்கொள்ளலாம். கார்டு தொலைந்தான் என்பதிலேயே ஜனங்களுக்குப் பாதித் திருப்தி. ஆனால் பஞ்சாயத்தார் என்று உட்கார்ந்தவர்கள் பெரிய மிராசுதார்களும் கிராம முன்சீபும் அவர்களுடைய பந்துக்களும். பத்து ஆடு வைத்திருந்த இடையனும், தலைச்சுமை விறகு விற்ற பறைச்சேரிப் பெண்ணும் பஞ்சாயத்துக்கு வெளியே நின்று அதே அபராதத்தைக் கட்டினார்கள். உத்தரமேரூர்க் குடம் ஆயிரம் வருஷம் கழித்தும் அப்படியேதான் இருந்தது.

இந்த விஷயத்தை வேறு கண்ணோடு பார்த்த ஒருவர் நம் சோழநாட்டிலேயே பிறந்தார். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்தவர். 1929-இல் காந்தியைச் சந்தித்த பிறகு கோட்டும் சூட்டும் போய்க் கதர் வந்தது. 1934-இல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது அதை நடத்தும் பொறுப்பு அவருடையதாயிற்று. கடைசிக் காலத்தில் மதுரை ஜில்லாவில் கல்லுப்பட்டியில் வந்து தங்கி, 1960 ஜனவரி 30-ஆம் தேதி, காந்திஜி மறைந்த அதே தேதியில், காலமானார். இயற்கையின் செல்வத்தில் எடுக்க எடுக்கக் குறைவது ஒன்று, பக்குவமாக எடுத்தால் ஊறிக்கொண்டே இருப்பது ஒன்று என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தவர் அவர். நிலக்கரி முதல் ஜாதி. காடு இரண்டாவது ஜாதி. ஆகவே காட்டைச் சர்க்கார் வருமானத்துக்காக நடத்தக்கூடாது, சுற்றியுள்ள ஜனங்களின் தேவைக்காக நடத்த வேண்டும் என்பது அவர் கட்சி. பனைவெல்லத்தைப் பற்றி அவர் செய்த பிரசாரத்தைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். யாரும் தண்ணீர் விடாத தரிசில் நிற்கும் பனை வெல்லம் கொடுத்தால், கரும்பு நிற்கும் நஞ்சையில் நெல் விளையுமே என்று அந்தக் கணக்கர் போட்ட கணக்கில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. சுதந்திர சர்க்கார் அவரைக் கௌரவித்தது. அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

விறகைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு என்று இன்றைய வாசகர்கள் நினைக்கலாம். சிலிண்டர் வருவதற்கு முந்திய ஸ்ரீரங்கத்தைப் பார்த்தவர்களுக்குக் கேட்கத் தோன்றாது. எங்கள் வீட்டில் காலை காப்பிக்குக் குமுட்டியில் கரி. சமையலுக்குக் கோட்டை அடுப்பில் விறகு. வெந்நீர்த் தவலைக்குக் கீழே தென்னை மட்டையும் சுள்ளியும். வாடியிலிருந்து வண்டியில் வரும் பிளந்த கட்டை ஒரு தினுசு. விடிவதற்குள் கொள்ளிடப் பாலத்தைக் கடந்து பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவருவது மற்றொரு தினுசு. அந்தப் பெண்களிடம் என் தாயார் பேரம் பேசுவதை எத்தனையோ நாள் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். "என்னடி இது, எல்லாம் ஈரமா இருக்கே?" "நல்லாப் பாருங்க மாமி, காஞ்ச வேலம். நேத்து பூரா ஒடிச்சது." நாலணாவில் ஆரம்பித்து மூன்றணாவில் முடியும். அந்த வேலம் எந்தக் காட்டில் நின்றது, அதை ஒடித்ததற்கு அவள் யாருக்கு என்ன கொடுத்தாள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் யோசித்ததில்லை.

வேலம் என்றேன். கருவேல மரத்தைப் பற்றி இங்கே நாலு வார்த்தை சொல்லாவிட்டால் அந்த மரத்துக்குச் செய்த துரோகமாகும். ஏரிக்குள் மாதக்கணக்கில் தண்ணீர் நின்றாலும் அழுகாது. நாலு மாதம் வெயில் காய்ந்தாலும் சாகாது. காயை ஆடு விரும்பித் தின்னும். ஆட்டின் வயிற்றுக்குள் போய் வந்த விதை நன்றாக முளைக்கும். பட்டை தோல் பதனிட. கட்டை கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்து ஆரக்காலுக்கும். மிச்சமெல்லாம் விறகு, நின்று எரியும். பத்து வருஷத்தில் வெட்டுக்குத் தயார். மானாவாரிச் சீமையின் கற்பகத்தரு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் என் ஓட்டு இதற்குத்தான்.

இதைக் கண்டுகொண்ட காட்டு இலாகா 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் தமிழ்நாட்டு ஏரிகளின் உள்வாயில் கருவேலம் போட ஆரம்பித்தது. பிறகு 1981-இல் ஸ்வீடன் நாட்டின் பண உதவியோடு 'சமூகக் காடுகள்' என்று பெரிய திட்டமாக அது விரிந்தது. தண்ணீருக்கு மேலே கன்று தலை தூக்கி நிற்கும்படி மண்ணை மேடு மேடாகக் குவித்து அதன் மேல் நட்டார்கள். நட்டது இலாகா, நிலம் ஊர்ப் புறம்போக்கு, வெட்டும் காலத்தில் வருமானத்தில் ஒரு பங்கு பஞ்சாயத்துக்கு. காகிதத்தில் பார்க்கும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை.

மணப்பாறைப் பக்கத்து ஊர் ஒன்றில் அப்படிப்பட்ட காடு ஒன்று ஏலம் போவதை நான் பார்த்திருக்கிறேன். கதை ஒன்றுக்காகக் கிராமத்துப் பேச்சைக் கேட்கப் போன இடத்தில் தற்செயலாகக் கண்டது. ஆலமரத்தடியில் மேஜை போட்டு அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், வெயிலில் வியர்த்துக்கொண்டே நிபந்தனைகளை ஒரு வரி விடாமல் படித்தார். எதிரே வெளியூர் வியாபாரிகள் ஏழெட்டுப் பேர். ஒருவர் ஒரு தொகை சொன்னார். அடுத்தவர் அதற்கு மேல் கொஞ்சம் சொன்னார். மூன்றாமவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், ஏலம் முடிந்துவிட்டது. முந்தின இரவு மணப்பாறை லாட்ஜில் எல்லாம் பேசித் தீர்ந்த காரியம் என்று டீக்கடையில் சொன்னார்கள். ஊரார் சுற்றி நின்று, கல்யாண வீட்டுக்கு வெளியே நின்று சாப்பாட்டு வாசனை பிடிப்பவர்களைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் பக்கத்தில் ஒரு கிழவி. அந்தக் காட்டில் கன்று நட்ட நாளில் மண் சுமந்து கூலி வாங்கியவள். பத்து வருஷம் தன் ஆடுகளை உள்ளே விடாமல் ஓட்டிக்கொண்டு வேறு பக்கம் போனவள்.

"ஐயா, கட்டைய அவுக எடுத்துக்கிட்டுப் போகட்டும். மிலாறு, சுள்ளி நமக்குத்தானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். மேல்வேட்டியைப் பார்த்து நானும் ஓர் அதிகாரி என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

"எனக்குத் தெரியாது ஆத்தா. அவர்களைத்தான் கேட்க வேண்டும்" என்றேன்.

ஏலம் எடுத்தவரே திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னார்: "சுள்ளிக்கும் சேத்துத்தான் பணம் கட்டியிருக்கேன். லாரி போன பொறவு என்ன கிடக்குதோ பொறுக்கிக்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நியாயமான வார்த்தை, அவர் கட்டிய பணம் அப்படி. லாரிகள் போன பிறகு அங்கே வேரடிக் கட்டையும் முள்ளும்தான் கிடந்திருக்கும். விறகு திருச்சிக்கும் மதுரைக்கும் போயிற்று. பஞ்சாயத்துக்கு வந்த பங்கில் ஒரு கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். ஊர் அடுப்புக்குச் சீமைக்கருவேலம் இருக்கவே இருந்தது. அதுவும் காட்டு இலாகாவின் கொடைதான். தாதுப் பஞ்சத்தை ஒட்டி, 1877-இல், பெடோம் என்ற வெள்ளைக்கார அதிகாரி முயற்சியில் அதன் விதை இந்த நாட்டுக்கு வந்தது என்று எழுதியிருக்கிறார்கள். ஏழைகளுக்கு அதிகாரிகள் கொடுத்தவற்றுள் ஏலம் விடாமல் கொடுத்தது அது ஒன்றுதான். ஏலம் கேட்க ஆள் இல்லை என்பது காரணம்.

ஸ்வீடன்காரர்களின் உதவியோடு நடந்த திட்டத்தை மதிப்பிட்டவர்களும் இதே குறையைத்தான் கண்டார்கள். மரம் வளர்ந்தது, பல ஊர்களில் நன்றாகவே வளர்ந்தது. யாருடைய பெயரைச் சொல்லித் திட்டம் போட்டார்களோ, அந்த நிலமற்றவர்களுக்கும் பெண்களுக்கும் விறகாக வந்தது சொற்பம். பிற்பாடு விதிகளில் சில மாறுதல்கள் செய்தார்கள்.

இதே காலத்தில் திருச்சியில் இன்னொரு காரியமும் நடந்தது. 1974-இல் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் என்ற சர்க்கார் கம்பெனி திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. அதே வருஷம் ஜனவரியில்தான் புதுக்கோட்டை தனி ஜில்லாவாகப் பிரிந்தது. புதுக்கோட்டைப் புதர்க்காடுகளில் காட்டெலுமிச்சையும் பாலையும் உசிலும் நின்ற இடங்களில் யூக்கலிப்டஸ் வரிசை வரிசையாக எழுந்தது. காகித ஆலைக்குக் கூழ்மரம். ஊற்று வற்றுகிறது, ஏரிக்கு வரத்து இல்லை என்று அந்தச் சீமை விவசாயிகள் வருஷக்கணக்காக முறையிட்டு வருகிறார்கள். கழகம் லாபம் சம்பாதிப்பதற்கென்று ஏற்பட்டது. அதைப் பிறகு ஊர்க்காடு என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை என்பது ஒருவகையில் நேர்மை.

வடக்கே வங்காளத்தில் காற்று வேறு பக்கம் வீசியது. மிதினாபூர் ஜில்லாவில் அரபாரி என்ற இடத்தில், மாடு தின்றும் கோடரி தின்றும் குட்டையாகிப் போன சால் காடு ஒன்று இருந்தது. 1,272 ஹெக்டேர். 1972-இல் ஏ. கே. பானர்ஜி என்ற காட்டு அதிகாரி, சுற்றியிருந்த பதினொரு கிராமத்து 618 குடும்பங்களிடம் போய், நீங்களே காவல் காருங்கள், காட்டில் உங்களுக்கு வேலை, விறகு, புல், வெட்டும்போது வருமானத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து என்று ஒப்பந்தம் பேசினார். சாலுக்கு வேரில் உயிர் இருந்தது. தொடாமல் விட்டதும் கிளம்பிக்கொண்டது. இந்த உதாரணத்தைப் பார்த்து மத்திய சர்க்கார் 1990 ஜூன் முதல் தேதி எல்லா மாகாணங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார்கள். தமிழ்நாட்டில் 1997-இல் ஜப்பான் கடனுதவியோடு காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. ஊருக்கு ஊர் கிராம வனக்குழு. காடு வளர்ப்போடு தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை, காட்டை நம்பிய குடும்பங்களுக்கு மாடு வாங்கவும் கடை வைக்கவும் கைமாற்றுக் கடன். விறகு வெட்டியைத் திட்டுவதோடு நிற்காமல் அவனுக்கு வேறு பிழைப்பு என்ன என்று கேட்ட அளவில் இது பழைய திட்டங்களைவிட எவ்வளவோ மேல். நம் ஜில்லாவிலும் தடுப்பணை கட்டிய இடங்களுக்குக் கீழே கிணறுகளில் தண்ணீர் ஏறியது என்று குடியானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தண்ணீர் விஷயத்தில் குடியானவன் உபசாரப் பேச்சுப் பேசமாட்டான்.

ஆனால் குழுவின் காரியதரிசி ஊர்க்காரர் அல்ல, வனவர். பாங்கிக் கணக்கில் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. அவருடைய கையெழுத்தும் வேண்டும். திட்டப் பணம் வந்துகொண்டிருந்த வரையில் கூட்டம் நடந்தது; பணம் நின்றதும் பல ஊர்களில் கூட்டமும் நின்றது. இது ஆச்சரியமல்ல. வரவு செலவில் தீர்மானம் செய்ய ஒன்றுமில்லாத கூட்டத்துக்கு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எவன் வருவான்?

மராட்டிய தேசத்தில் கட்சிரோலி ஜில்லாவில் மேந்தா-லேகா என்று ஒரு கோண்டுக் கிராமம். 1,800 ஹெக்டேர் காட்டின் மேல் அந்த ஊருக்கு 2009-இல் சட்டப்படி சமூக உரிமை கிடைத்தது. காட்டில் இருந்தது மூங்கில். உரிமை வந்த பிறகும், மூங்கிலை வெட்டி லாரியில் ஏற்றி வெளியே அனுப்புவதற்கு வேண்டிய அனுமதிச் சீட்டுப் புத்தகம் இலாகாவின் மேஜைக்குள்ளேயே இருந்தது. இரண்டு வருஷம் போராடினார்கள். 2011 ஏப்ரலில் மத்திய மந்திரி ஜெய்ராம் ரமேஷே அந்த ஊருக்குப் போய், புத்தகத்தைக் கிராம சபையார் கையில் கொடுத்தார். அந்தச் சீட்டுகளில் ஊரார் கையெழுத்துப் போட்டு மூங்கில் விற்றார்கள். பேரம் பேசியதும் அவர்கள், பணத்தை வாங்கி வைத்ததும் அவர்கள். திருச்சிச் சீமையில் நூற்றைம்பது வருஷமாக யாரும் ஊரார் கையில் கொடுக்காமல் வைத்திருந்தது அந்த ஒரு புத்தகத்தைத்தான்.

அந்த உரிமைக்கு ஆதாரமான வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பதற்கு முன் கோர்ட்டின் அனுமதி பெறவேண்டும் என்று 2008-இல் சென்னை ஹைகோர்ட்டு இட்ட உத்தரவால் காரியம் அநேகமாக நின்றுபோயிற்று. 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தடையை நீக்கிற்று. நாடு முழுவதும் எட்டு வருஷம் ஓடிவிட்ட வண்டியில் நாம் அப்போதுதான் ஏறினோம்.

அதற்குப் பிறகு ஒருமுறை துறையூர் வழியாகப் பச்சைமலைக்குப் போயிருந்தேன். வண்ணாடு, தென்புறநாடு, கோம்பை என்று மலை மேல் நாடுகள். சாமை விளைந்த இடங்களில் இப்போது மரவள்ளியும் முந்திரியும். முந்திரிப்பழம் உதிர்ந்து பாதையெல்லாம் புளித்த வாசனை வீசிற்று. கீழேயிருந்து வந்த வியாபாரியின் வேன் ஒன்று வளைவில் நின்று கொட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தது; தராசைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் முகத்தில் மணப்பாறை ஏலத்தில் கண்ட அதே பாவம்.

சிறு ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, சமூக உரிமைக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். 2008-ஆம் வருஷத்து விதிகளின்படி, காகிதம் இல்லாதவர்கள் ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை ஆதாரமாகக் கொடுக்கலாம். பழைய கிணறு, இடுகாடு, சாமி இருக்கும் இடம் இவற்றையும் அத்தாட்சியாகக் காட்டலாம். 1882-இல் செட்டில்மெண்டு அதிகாரி ஏட்டில் ஏற்றிக்கொள்ளாத அதே சமாசாரங்கள்.

எண்பது வயசுக்கு மேற்பட்ட ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். காலேஜில் படிக்கும் அவருடைய பேத்தி நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். எந்தப் பாறைக்கு அடியில் எந்த மாசம் தேன் எடுப்பது, எந்த ஓடை வரைக்கும் எந்தக் கொத்துக்காரர்களின் மாடு போகும், கடுக்காய் மரம் எத்தனை, பெரியவர்களைப் புதைத்த மேடு எது, கும்பிடும் மரம் எது.

"தாத்தா, கொஞ்சம் நிதானமாச் சொல்லு. கை வலிக்குது" என்றாள் பெண்.

கிழவர் கண்ணைத் திறந்து, எந்த இடத்தில் விட்டேன் என்று கேட்டார். கடுக்காயில் என்று அவள் சொன்னாள். அவர் மறுபடி அங்கிருந்து ஆரம்பித்தார்.